தறப்பாள் இருக்கோ தம்பி?

கிளிநொச்சி ரவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில கவுண்டர்ல நிக்கிறன், பதினொரு வருசமாச்சு. கார்த்திகை மாசம் ஒரு நாள் ரேடியோவில "தாழமுக்கம்" எண்ட சொல்லு கேட்டாப் போதும், ஒரு மணித்தியாலத்தில கடைக்க சனம் நிறைஞ்சிடும். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "தறப்பாள் இருக்கோ தம்பி?" (தறப்பாள் எண்டா மழைக்கு மூடுற தார்ப்பாய்.) அதுக்குப் பிறகு நைலோன் கயிறு, ரோச் லைட், பற்றரி, கூரைக்கு ஆணி, அவ்வளவுதான் லிஸ்ட். பின்னேரம் 4 மணிக்கு தறப்பாள் முடிஞ்சிடும், 5 மணிக்கு வாறவர் எங்களை ஏசுவார், "முன்னமே எடுத்து வைக்கத் தெரியாதோ உங்களுக்கு" எண்டு. ஐயா, நாங்கள் ஆவணியில எடுத்து வைச்சனாங்கள்தான், அப்ப ஒரு குஞ்சும் வந்து கேக்கேல்லயே எண்டு சொல்ல வாய் உன்னும், சொல்ல ஏலாது, வியாபாரம்.

இன்னொண்டு, எங்கட சனம் தறப்பாள் வாங்கிற விதத்தைப் பாக்கோணும். விரலால தடவி, மூலையைப் பிடிச்சு இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாப்பினம். எழுபது வயசு அம்மா ஒராள் போன வருசம் ஒரு நீலத் தறப்பாளைத் தொட்டுப்போட்டு "இது ஒரு மாரிக்கும் தாங்காது மோனை, யூ.என் தறப்பாள் மாதிரி வராது" எண்டு திருப்பி வைச்சிட்டுப் போனா. எந்தத் தறப்பாள் எத்தினை மாசம் வெய்யில் தாங்கும், எந்தக் கண் முதல்ல பிய்யும் எண்டு சொல்லக்கூடிய ஆக்கள் உலகத்தில வேற எங்க இருக்கினமோ தெரியாது, வன்னியில வீட்டுக்கு ஒராள் இருக்கினம். யுத்தக் காலத்தில தறப்பாளுக்குள்ளயே பிள்ளை பெத்து, அதுக்குள்ளயே செத்தவீடு செய்த சனம்.

அதாலதான் எனக்கு இதை எழுதோணும் போல இருந்தது. வெள்ளம், புயல் எண்டு வந்தா எங்கட ஆக்களுக்கு ஆர் என்ன சொல்லிக் குடுக்கிறது, நாங்கள் பாக்காததோ எண்டு ஒரு நினைப்பு எங்களுக்கு இருக்கு, எனக்கும் இருந்தது. 2018 மார்கழி, எங்கட கணக்கில டிசம்பர், வரைக்கும்.

அந்த மார்கழி 7ஆம் திகதிதான் இரணைமடுக் குளம் திருத்தி முடிஞ்சு சனாதிபதி வந்து விழா வைச்சுத் திறந்தவர். குளத்தின்ர கொள்ளளவு மட்டத்தை 36 அடிக்குக் கூட்டினது, சனத்துக்கு நல்ல சந்தோசம், அந்த முறை மழையும் பிந்தித்தான் வந்தது, குளம் நிரம்புமோ நிரம்பாதோ எண்டு கடையில கமக்காரர் பந்தயம் கட்டாத குறை. ரெண்டு கிழமைதான். 21ஆம் திகதி இரவு பேய் மழை எண்டா அப்பிடி ஒரு மழை. எங்கட வீடு ரவுனுக்குக் கிட்ட, ஒரு பழைய வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கு. பத்து மணிக்கு முற்றத்தில தண்ணி நிண்டது, அது ஒவ்வொரு மாரியும் நிக்கிறதுதானே எண்டு படுத்திட்டம். ரெண்டு மணி இருக்கும், அம்மா தட்டி எழுப்பினா, "தம்பி, நிலம் குளிருது". அவ எப்பவும் பாய்ல நிலத்திலதான் படுக்கிறவ. லைட்டைப் போட்டா, குசினிக் கதவுக்குக் கீழால தண்ணி சத்தமே இல்லாம வருது, மா அரிக்கிற மாதிரி மெல்ல மெல்ல, அதில ஒரு செருப்பு மிதந்துகொண்டு வந்து என்ர காலுக்குக் கிட்ட நிண்டது.

நான் முதல் செய்த வேலை என்ன தெரியுமோ? ரி.வியைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைச்சன். லீசிங்ல எடுத்த மோட்டார் சைக்கிளை விறாந்தைக் கட்டில ஏத்தினன். பிறகு அரிசி மூட்டை. பிறகு பிள்ளையின்ர கொப்பியள். அதுக்குள்ள தண்ணி முழங்காலுக்கு வந்திட்டுது, கரண்டை நிப்பாட்டவே இல்லை, அது பிறகு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்கும், பிளக் பொயின்ற் எல்லாம் நிலத்தில இருந்து ஒரு அடி உயரத்தில இருக்கிற வீடு. நல்ல காலம் ஊருக்கே கரண்ட் தானா நிண்டுது. விடிய நாலு மணிக்கு பக்கத்து வீட்டுப் பெடியள் லாண்ட் மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) கொண்டுவந்து எங்களை ஏத்தி ஒரு பள்ளிக்கூடத்தில விட்டாங்கள்.

அங்க போய் இருந்து, தலையைத் துவட்டி, ஆரோ தந்த பிளேன்ரீயைக் குடிச்சாப் பிறகுதான் அம்மா கேட்டா, "என்ர குளிசை எங்க?" குளிசையும் கிளினிக் கொப்பியும் ஒரு சொப்பிங் பாக்கில சுத்தி மேசை லாச்சிக்க கிடந்தது. மேசை தண்ணிக்க. அம்மாக்கு பிரஷர், சுகர் ரெண்டும். பின்னேரம் ஒரு டொக்ரர் பிள்ளை வந்தவ, நல்ல பிள்ளை, பொறுமையாக் கேட்டா, "என்ன மருந்து அம்மா எடுக்கிறனீங்கள்?" அம்மா சொல்லுறா, "வெள்ளைக் குளிசை ஒண்டு, சின்னன், காலமை. பிறகு வெள்ளை, பெரிசு, ரெண்டு நேரம்." டொக்ரர் என்னைப் பாக்கிறா. நான் நிலத்தைப் பாக்கிறன். இத்தினை வருசமா அம்மாவோட ஒரே வீட்டில இருக்கிறன், அவ விழுங்கிற மருந்தின்ர பேர் ஒண்டும் எனக்குத் தெரியாது. ரி.வி மட்டும் பத்திரமா இருந்தது. ஆறு மாசத்தில அதுவும் போட்டுது, அது வேற கதை.

சரி, தண்ணி எங்கால வந்தது எண்டு பேந்து யோசிச்சுப் பாத்தன். ரவுன்ல இருக்கிற கனபேருக்கு இது விளங்காது, எனக்கும் விளங்காமத்தான் இருந்தது. எங்கட வீட்டு முற்றத்தில பெய்யிற மழை மட்டும் எங்கட வெள்ளம் இல்லை. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி, கனகராயன்குளம், மாங்குளம் எண்டு வடக்கால வந்து இரணைமடுவில விழுது, அங்க குளம் நிரம்பி வான் பாஞ்சா பிறகு கண்டாவளைப் பக்கத்தால போய் சுண்டிக்குளம் களப்பில சேருது. அப்ப ஓமந்தையில பெய்யிற மழை எங்களுக்கு ஒரு நாள் பிந்தி வரலாம், இஞ்ச வெய்யில் எறிக்கேக்கயும் வரலாம். வழி நெடுக சின்னக் குளங்கள் வேற, மேல ஒண்டு உடைச்சா கீழ இருக்கிறதுக்கு அவ்வளவு தண்ணியும் ஒரேயடியா இறங்கும். கமம் செய்யிற ஆக்களைக் கேளுங்கோ, வானத்தைப் பாக்க மாட்டினம், குளத்தின்ர அடியைத்தான் கேப்பினம். "இப்ப எத்தினை அடி?" 30 அடி எண்டா ஒரு முகம், 34 எண்டா இன்னொரு முகம். ரவுன் ஆக்கள் நாங்கள் போன்ல மேகப் படம் பாத்துக்கொண்டு இருப்பம். இப்ப ஐப்பசி பிறந்தா நானும் கடைக்கு வாற கமக்காரரிட்ட முதல் கேக்கிறது அதுதான், சீமெந்து வேணுமோ எண்டு பிறகு கேக்கிறன்.

இன்னொரு கணக்கும் சொல்லுறன். 1 மில்லிமீற்றர் மழை எண்டா ஒரு சதுர மீற்றர் நிலத்தில 1 லீற்றர் தண்ணி. 500 சதுர அடிக் கூரை எண்டா கிட்டத்தட்ட 46 சதுர மீற்றர். வளிமண்டலவியல் திணைக்களம் "100 மில்லிமீற்றருக்கு மேல" எண்டு சொன்னா உங்கட கூரையால மட்டும் 4600 லீற்றர் இறங்கும், கிட்டத்தட்ட அஞ்சு 1000 லீற்றர் ராங்க் நிரம்பிற மாதிரி. முந்தி அது முற்றத்து மண்ணுக்க போகும், மிச்சம் வாய்க்காலுக்க போகும். இப்ப ஏ9 றோட்டு ரெண்டு பக்கமும் கடை, கடைக்கு முன்னால கொங்கிறீற், பின்னால மதில். காணி வாங்கிறவர் எல்லாரும் முதல்ல பத்து லோட் கிரவல் பறிச்சு பக்கத்துக் காணியை விட ஒரு அடி உயத்துவார், அடுத்த வருசம் பக்கத்துக் காணிக்காரர் ரெண்டு அடி உயத்துவார். தண்ணி எங்க போறது? உயத்தக் காசில்லாதவன்ர வீட்டுக்க போகும். நான் கிரவலுக்கும் பில் போடுறவன்தான், அதால இதில எனக்கும் பங்கிருக்கு, மறைக்கேல்ல. மதகுக்கு வாயில யோகட் கப், சொப்பிங் பாக், பம்பேர்ஸ் வந்து அடைக்கிறதைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டா கட்டுரை வேற பக்கம் போயிடும். ஒண்டு மட்டும், உங்கட ஒழுங்கையில இருக்கிற மதகை புரட்டாசியில ஒருக்கா குனிஞ்சு பாருங்கோ. மற்றப் பக்கம் வெளிச்சம் தெரியாட்டி சனசமூக நிலையத்துப் பெடியளோட சேந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி எடுங்கோ. பிரதேச சபைக்கு கடிதமும் குடுங்கோ, ரெண்டையும் செய்யுங்கோ.

ரவுன்ல இன்னொரு வகை ஆக்கள் இருக்கினம், அவையைப் பற்றி ஆரும் யோசிக்கிறேல்ல. வாடகை அறையில இருக்கிற ரீச்சர்மார், பாங்க் பெடியள், நேர்ஸ்மார், கட்டட வேலைக்கு வந்த தெற்குப் பக்கத்து ஆக்கள். அவைக்கு எந்த ஒழுங்கை பள்ளம், எது மேடு, முந்தி எதில வாய்க்கால் போனது எண்டு ஒண்டும் தெரியாது. ஜீ.எஸ்ஸின்ர (கிராம சேவகர்) குடும்பப் பதிவிலயும் பேர் இருக்காது, ஏனெண்டா பதிவு ஊரில. அப்ப முகாமுக்குப் போனா சாப்பாட்டு லிஸ்ட்டில பேர் இல்லை எண்டு ஒரு கரைச்சல். அறை எடுத்தா முதல் கிழமையே பக்கத்து வீட்டு வயசான ஆளிட்ட போய் "அம்மா, 2018இல இதில தண்ணி எவ்வளவு நிண்டது?" எண்டு கேளுங்கோ. கட்டாயம் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் சுவரில கோடு காட்டுவினம். எங்கட வீட்டில அந்தக் கோடு இப்பவும் இருக்கு, ரெண்டு தரம் பெயின்ற் அடிச்சும் போகேல்ல.

புரெவிப் புயல் வந்தது 2020 மார்கழி. ஞாபகம் இருக்கோ? முல்லைத்தீவுக்க நேர வருது எண்டு ரெண்டு நாளா ஒரே பதட்டம். கடையில கயிறு முடிஞ்சு கேபிள் வயர் வாங்கிக்கொண்டு போச்சினம். கடைசியில 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கால திரியாய், குச்சவெளிப் பக்கத்தால கரை ஏறி, வன்னிக்குள்ளால மன்னார்க் கடலுக்கு இறங்கிப் போச்சு. எங்கட பக்கம் மழை இருந்தது, காத்து பயந்த அளவுக்கு இல்லை. அடுத்த நாள் கடைக்கு வந்து கயிறைத் திருப்பித் தரப் பாத்தவை இருக்கினம். "சும்மா பூச்சாண்டி காட்டுறாங்கள்" எண்டு ஒரு கதை அண்டைக்குத் தொடங்கி நாலைஞ்சு வருசம் ஓடினது. புயல் எண்டது ஐம்பது கிலோமீற்றர் விலகினா உங்களுக்கு மழை, விலகாட்டி உங்கட கூரை. 1964 மார்கழிப் புயல், அந்தத் தனுஷ்கோடியை அழிச்சது, அது எங்க இருந்து போனது எண்டு நினைக்கிறியள்? திருகோணமலை, வவுனியாப் பக்கத்தாலதான் தீவைக் கடந்து போனது. என்ர அம்மப்பா அந்த இரவு வவுனியாவில ஒரு மில்லில நிண்டவர், தகரம் காத்தில போறதை வாள் எறிஞ்ச மாதிரி எண்டு சொல்லுவார், அதுக்குப் பிறகு சாகும்வரைக்கும் தகரக் கூரைக்குக் கீழ படுக்கேல்ல, கிடுகுதான். அது பறந்தாலும் ஆளை வெட்டாது எண்டுவார்.

இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் வெளிக்கிடுறம் இல்லை? இதுதான் நான் சொல்ல வந்த விசயம். எங்களுக்கு ஓடத் தெரியாமல் இல்லை. ஓடினது கூடிப்போச்சு.

அம்மாவை எடுங்கோ. யுத்தத்தில 2008இல கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு எண்டு போய்க்கொண்டிருக்கேக்க நிஷா புயல் வந்தது, கார்த்திகைக் கடைசி. வயல் கரையில தறப்பாள் கொட்டில், பங்கருக்க தண்ணி, மேல செல். பங்கருக்க இறங்கினா தாழவேணும், வெளியில இருந்தா மற்றது. பிறகு மெனிக் பாம், இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த முகாம், அங்கயும் 2009 ஆவணியில மழை பெய்து ரென்ற் எல்லாம் சேத்துக்க. அதுக்குப் பிறகு வந்து, காடு வெட்டி, வீட்டுத்திட்டக் காசை நாலு கட்டமா எடுத்து, மிச்சத்துக்குத் தோட்டை வித்து, இந்த வீட்டைக் கட்டினவ. நிலத்துக்கு மாபிள் போட ஏலாது எண்டு சிவப்பு சீமெந்து பூசி, ஒவ்வொரு வெள்ளியும் தேங்காய்ப் பூவால தேச்சு மினுக்கின நிலம். அவவிட்ட போய் "வெள்ளம் வருதாம், வாங்கோ பள்ளிக்கூடத்துக்குப் போவம்" எண்டா என்ன சொல்லுவா? "நான் இனி ஒரு பள்ளிக்கூடத்து நிலத்தில படுக்க மாட்டன். நீ பிள்ளையளைக் கொண்டு போ." அவ்வளவுதான். அதுக்கு மேல கதைச்சா அழுவா. அறிவிப்பு வாற சனத்தில பாதிப்பேர் இப்பிடித்தான் எண்டு நான் நினைக்கிறன். விசர்ப்பிடிவாதம் எண்டு அதிகாரியள் நினைப்பினம். அது பிடிவாதம் இல்லை. இடம்பெயர்வு எண்ட சொல்லே அவைக்கு வேற.

நான் செய்தது என்னெண்டா, சொல்லை மாத்தினன். பெரியம்மா வீடு றோட்டுக்கு மற்றப் பக்கம், நல்ல மேடு, 2018இலயும் முற்றம் மட்டும்தான் நனைஞ்சது. 2019 ஐப்பசியில பெரியம்மாவோட கதைச்சு முடிவெடுத்தம், தாழமுக்கம் எண்டு ரேடியோவில சொன்ன உடன அம்மா "அக்காவைப் பாக்கப் போறா". முகாம் இல்லை, இடம்பெயர்வு இல்லை, அக்கா வீட்டில ரெண்டு நாள் நிக்கப் போறா. வெயில் இருக்கேக்கயே போறது, சீலை மாத்தி, வெத்திலை வாங்கிக்கொண்டு, ஓட்டோவில. ஆடு ரெண்டு இருக்கு, அதுகளை விட்டிட்டு வர மாட்டா, அதால ஆடும் வரும். ஓட்டோக்காரத் தம்பிக்கு அதுக்கு இருநூறு கூடக் குடுக்கோணும். எல்லாருக்கும் மேட்டில ஒரு பெரியம்மா இருக்காதுதான். ஆனா கோயில் மடத்திலயோ, தெரிஞ்ச ஆளின்ர மேல் மாடிக் கடையிலயோ, எங்க போறது எண்டு மழைக்கு முன்னமே கேட்டு வைச்சா இரவு ரெண்டு மணிக்கு லாண்ட் மாஸ்டர் தேவையில்லை.

பிறகு அந்தப் பை. பழைய பள்ளிக்கூட பாக் ஒண்டு, கதவுக்குப் பின்னால ஆணியில, 2018 கோட்டுக்கு மேல தொங்குது. அதுக்க தடிச்ச பொலித்தீன்ல, மெழுகுதிரியால வாயை உருக்கி ஒட்டி, காணிப் பெர்மிட், பிறப்புப் பதிவு, ஐ.சி (அடையாள அட்டை) போட்டோக்கொப்பி, பாங்க் புத்தகம், அம்மான்ர கிளினிக் கொப்பி. கொப்பி ஒவ்வொரு மாசமும் வேணும்தானே, அதால கிளினிக் போட்டு வந்த உடன பைக்க வைக்கிறது எண்டு ஒழுங்கு. கிளினிக் கொப்பியின்ர கடைசிப் பக்கத்தை போன்லயும் படம் எடுத்து தங்கச்சிக்கு அனுப்பி வைச்சிருக்கிறன், அவ கொழும்பில. ஒரு கிழமைக் குளிசை தனியா ஒரு ரின்னில, மாசா மாசம் பழசை எடுத்துக் குடிச்சிட்டு புதுசை வைக்கிறது, இல்லாட்டி காலாவதி ஆகிடும். காசு, அதுவும் நூறு, ஐநூறு தாளா, ஏனெண்டா கரண்ட் இல்லாட்டி ஏ.ரி.எம் வெறும் பெட்டி, ஐயாயிரம் தாளை ஆரும் மாத்தித் தர மாட்டினம். ரோச், பற்றரி தனியா, போட்டு வைச்சா கசிஞ்சு பழுதாப் போடும், கடையில கன ரோச் அப்பிடித்தான் திரும்பி வாறது.

வீட்டைப் பற்றிச் சொல்லுறதெண்டா, கடைக்காரனா சில விசயம். கூரைக்கு மேல கல்லும் ரயரும் தூக்கி வைக்கிற பழக்கத்தை விடுங்கோ, காத்து தகரத்தைத் தூக்கினா கல்லும் சேந்துதான் பறக்கும். தகரத்தை சிலாகையோடயும் சிலாகையைக் கைமரத்தோடயும் ஜீ.ஐ கம்பியால இழுத்துக் கட்டினா அதுதான் பிடி, அதிலும் கூரையின்ர ஓரமும் மூலையும்தான் முதல்ல கிளம்பிறது, அங்க ஆணியைக் கூட்டுங்கோ. ஆணி அடிச்ச ஓட்டை துருப்பிடிச்சு அகண்டிருந்தா புது ஆணி பக்கத்தில. வெளிக்கிட முன்னம் ட்ரிப் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு மெயினையும் நிப்பாட்டுங்கோ, தண்ணிக்க நிண்டுகொண்டு சுவிச்சைத் தொடக்கூடாது, வீட்டுக்க தண்ணி வர முன்னம்தான். காஸ் சிலிண்டரை மூடி, ரெகுலேற்றரைக் கழட்டி, ஒரு தூணோட கட்டி விடுங்கோ. உதென்ன விசர்க்கதை எண்டு நினைப்பியள், அவ்வளவு பாரமான இரும்பு மிதக்குமோ எண்டு. மிதக்கும். 2018இல பக்கத்து வீட்டுச் சிலிண்டர் எங்கட வேலியில வந்து நிண்டது, ரியூப்போட.

2025 கார்த்திகைக் கடைசியில டிட்வா புயல் வந்தது எல்லாருக்கும் தெரியும். யேமன்காரர் வைச்ச பேராம், அங்க சொகோத்ரா தீவில இருக்கிற ஒரு களப்பின்ர பேர். நாடு முழுக்க 600க்கு மேல சனம் செத்தது, மலைநாட்டில மண்சரிவுதான் கூட. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கேக்க நிப்பாட்டினவை, எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளை கணக்குப் பேப்பருக்குப் படிச்சுப்போட்டு குந்திக்கொண்டு இருந்தது. எனக்கு அந்த முறை படிப்பிச்சது போன். சிக்னல் இல்லை. ரவருக்குக் கரண்ட் இல்லாட்டி அது ஜெனரேற்றர்லயோ பற்றரியிலயோ எவ்வளவு நேரம்தான் ஓடும், அதோட வழியில எங்கயோ கேபிள் போனா எல்லாம் போச்சு. வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் முழுப்பேரும் ஒரே நேரத்தில எடுக்க, கிடைக்கிற கொஞ்ச சிக்னலும் அடைபட்டுப் போகும். கதைக்கப் போகாத இடத்தில சிலவேளை எஸ்.எம்.எஸ் போகும், ஒரு வரி, "எல்லாரும் சுகம், பெரியம்மா வீட்டில", அதை ஒரு ஆளுக்கு அனுப்பி அவர் மற்றவைக்குச் சொல்லட்டும். எங்களுக்கு அந்த ஆள் தங்கச்சி. நம்பரை பேப்பரில எழுதி வையுங்கோ, போன் செத்தா எனக்கு என்ர மனிசியின்ர நம்பரே பாடமில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, இது மூண்டும் ஜீ.எஸ்ஸின்ர நம்பரும் எங்கட கதவில சுண்ணாம்புக் கட்டியால எழுதிக் கிடக்கு. பற்றரி ரேடியோ ஒண்டு இருந்தா அது தங்கம். அந்த மூண்டு நாளும் எங்கட ஒழுங்கையில ஒரே ஒரு ரேடியோ, ஒரு பெரியவரிட்ட, எல்லாரும் அவரின்ர விறாந்தையில. இதுவரைக்கும் கிரிக்கெட் ஸ்கோர் கேக்க மட்டும் அவரைத் தேடினவங்கள்.

றோட்டைப் பற்றி. அந்த டிட்வா நாளையிலதான் யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்குப் போன பஸ் ஒண்டு கலா ஓயாவில வெள்ளத்துக்க மாட்டுப்பட்டு, அறுபதுக்கு மேல சனம் ஒரு வீட்டுக் கூரையில ஏறி நிண்டு, ஒரு நாளுக்கு மேல கழிச்சு நேவி மீட்டது. எங்கட ஆக்கள் கனபேர் அந்த வீடியோவைப் பாத்து "ட்ரைவருக்கு விசரோ" எண்டு கேட்டினம். அதே ஆக்கள் மோட்டார் சைக்கிளில ஓடுற தண்ணிக்கால றோட்டைக் கடக்கிறதை நான் கடை வாசல்ல நிண்டு ஒவ்வொரு மாரியும் பாக்கிறன். ஓடுற தண்ணி அரை அடி இருந்தாலே ஒரு ஆளைத் தட்டி விழுத்தும், ஒரு அடிக்கு சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், ரெண்டு அடி எண்டா வான், ஜீப்பையும் இழுக்கும். தண்ணிக்குக் கீழ றோட்டு இருக்கோ அரிச்சுப் போட்டுதோ எண்டு மேல நிண்டு ஆருக்கும் தெரியாது. வெள்ளம் பாக்கப் போற பெடியளுக்கு என்ன சொல்லுறது, வான் கதவு திறந்தா அங்க செல்பி எடுக்க ஒரு திருவிழாக் கூட்டம். அவையின்ர அம்மாமார் கடைக்கு வந்தா நான் சொல்லுறதுதான், வேற என்ன செய்ய.

தண்ணி வத்தினாப் பிறகுதான் கனக்கப் பேர் கவனமில்லாம விடுறது. பாம்பு மேட்டைத் தேடும், மேடு எண்டா உங்கட கட்டில், அலுமாரி, சுருட்டி வைச்ச பாய். புடையன் சத்தம் போடும், ஆனா எல்லாப் பாம்பும் போடாது. வீட்டுக்க போகேக்க தடியால தட்டிக்கொண்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு. கடிச்சா கட்டுப் போட்டு இறுக்கிறது, கீறுறது ஒண்டும் வேண்டாம், ஆளை நடக்க விடாம நேர ஆஸ்பத்திரி. கிணத்துத் தண்ணி பாக்கத் தெளிவா இருந்தாலும் குடிக்காதேங்கோ, மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளத்துக்க கிடந்ததை மறக்காதேங்கோ, பி.எச்.ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரின் போடும்வரைக்கும் கொதிக்க வைச்ச தண்ணிதான். எலிக்காய்ச்சல் இன்னொண்டு. 2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில வெள்ளத்துக்குப் பிறகு அதால ஆக்கள் செத்தது. வயலுக்கு இறங்கிறவைக்கு முன்கூட்டியே எடுக்கிற குளிசை இருக்கு, பி.எச்.ஐயைக் கேட்டா தருவினம். காலில புண்ணோட சேத்துக்க இறங்கிப்போட்டு காய்ச்சலும் கெண்டைக்காலில நோவும் வந்தா பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில கிடக்காதேங்கோ.

டிட்வாவில அம்மா எப்பிடிப் போனா எண்டு சொல்லோணும். 26ஆம் திகதி நான் கடையில, தறப்பாள் வாங்கிற கூட்டம், எனக்கு வீட்டு ஞாபகமே இல்லை. மத்தியானம் மனிசி போன் எடுக்கிறா, "மாமி வெளிக்கிட்டு நிக்கிறா, ஓட்டோ வரேல்லயாம், உங்களை ஏசுறா". நான் சொல்லி இல்லை. தானா. சீலை மாத்தி, ஆடு ரெண்டையும் கயித்தில பிடிச்சுக்கொண்டு, பையைத் தோளில போட்டுக்கொண்டு வாசல்ல. அண்டு பின்னேரம் வரைக்கும் தூறல்தான், அடுத்த நாள் இரவு எங்கட முற்றத்தில முழங்கால் தண்ணி, வீட்டுக்க ஒரு சாண். கோட்டுக்குக் கன கீழ.

மூண்டாம் நாள் பெரியம்மா வீட்டை போனன். ரெண்டு பேரும் விறாந்தையில வெத்திலைத் தட்டத்தை நடுவில வைச்சுக்கொண்டு 78ஆம் ஆண்டுப் புயலா 64ஆம் ஆண்டுப் புயலா பெரிசு எண்டு சண்டை. என்ர போன் செத்துப் போச்சு, பையில சார்ஜரும் பவர் பாங்கும் வைச்சனான்தானே எண்டு திறந்து பாத்தா, ரெண்டும் இல்லை. கிளினிக் கொப்பி இருக்கு, குளிசை ரின் இருக்கு, பெர்மிட் இருக்கு. சார்ஜர் இருந்த இடத்தில ஒரு பாக்குவெட்டி, பழந்துணியில சுத்தினபடி.

"என்னணை இது, சார்ஜர் எங்க?"

"இடம் காணாது. எடுத்து மேசையில வைச்சனான்."

"மேசையிலயோ?"

"பாக்குவெட்டி இல்லாம மெனிக் பாமில எத்தினை மாசம் இருந்தனான், பாக்கைக் கல்லில குத்தித் திண்டனான். உனக்கென்ன தெரியும்."

இப்ப சார்ஜருக்கெண்டு பக்கத்தில ஒரு சின்னப் பை தனியாத் தொங்குது, அதே ஆணியில.